"என் பெயர் உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று அவர் கேட்டால்...

கேள்வி: கோவையில் ஒரு பவுண்டரியில் (வார்ப்பாலையில்) ஏற்றுமதி விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். டக்டைல் அயர்ன் (எளிதில் உடையாத வகை வார்ப்பிரும்பு) காஸ்டிங் செய்து, மெஷினிங்கும் முடித்துக் கொடுக்கிறோம். இத்தாலியில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். அடுத்து ஜெர்மனியில் பிடிக்க வேண்டும், அதற்கு மாதம் 500 லீட் (வாங்க வாய்ப்புள்ளவர்களின் விவரம்) வேண்டும் என்கிறார் எம்.டி. லிங்க்ட்இன் பக்கங்களிலிருந்து பெயர், மெயில், போன் நம்பரை எடுத்து எக்செலில் போட்டுத் தரும் குரோம் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டேன். நான்கு நாளில் 1,140 பெயர் வந்தது. ஐந்தாம் நாள் லிங்க்ட்இன் என் கணக்கை முடக்கிவிட்டது. அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் திரும்பக் கிடைத்தது. இப்போது ஒருவர், ஐரோப்பாவிலுள்ள பர்ச்சேஸ் மேனேஜர்கள் 2 லட்சம் பேரின் பட்டியலை 15,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். "எல்லாம் பொதுவில் இருக்கிற தகவல்தானே, அமெரிக்க கோர்ட்டே சரி என்று சொல்லிவிட்டது" என்கிறார். வாங்கலாமா? கணக்கும் போகாமல், சட்டச் சிக்கலும் வராமல் லீட் சேர்க்க என்ன வழி? ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் 1,140 பெயரை என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: பட்டியலை வாங்காதீர்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இன்றே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

எக்ஸ்டென்ஷனை பிரவுசரிலிருந்து எடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. எடுத்திருந்தாலும் அது மட்டும் போதாது. லிங்க்ட்இன்னில் லாகின் செய்ததும் உங்கள் பிரவுசரில் "எல்ஐ_ஏடி" என்ற பெயரில் ஒரு குக்கி உட்காரும். அடுத்த முறை பாஸ்வேர்டு கேட்காமல் உங்களை உள்ளே விடுவது அதுதான். இந்த மாதிரிக் கருவிகளில் பல அந்தக் குக்கியை நகலெடுத்துத் தங்கள் சர்வருக்குக் கொண்டுபோய்விடும். சில கருவிகள் "இதை காப்பி செய்து இங்கே ஒட்டுங்கள்" என்று நம்மிடமே கேட்டு வாங்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் நீங்களாகவே உள்ளே போகலாம். பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஆகவே லிங்க்ட்இன் செட்டிங்ஸில் எந்தெந்த போனில், கம்ப்யூட்டரில் லாகின் ஆகியிருக்கிறது என்று காட்டும் பகுதிக்குப் போய், எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். உங்கள் கணக்கோடு இணைந்த வெளிச் சேவைகளின் பட்டியலும் அங்கேயே இருக்கும், தெரியாதவற்றை நீக்குங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்துவிட்டு மீதியைப் படித்தாலும் சரி.

இன்னொரு கணக்கு ஆரம்பித்து அதில் இந்த வேலையைச் செய்யலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஒருவருக்கு ஒரு கணக்குதான், அதுவும் சொந்தப் பெயரில், பிறரோடு பகிராமல் என்பது லிங்க்ட்இன் விதி. ஆபீஸ் பையன் பெயரில் ஒரு கணக்கு, எம்.டி. பெயரில் இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து இயக்குவது என்று போனால், ஒன்று மாட்டும்போது எல்லாமே மாட்டும்.

சரி, அந்த கோர்ட் கதைக்கு வருவோம். பட்டியல் விற்கிறவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான், பாதி உண்மை என்பதால் கேட்கிறவர்களும் நம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஹைக்யூ லேப்ஸ் என்ற நிறுவனம், லாகின் இல்லாமலே யாரும் பார்க்கக்கூடிய லிங்க்ட்இன் பக்கங்களிலிருந்து தகவல் எடுத்து வந்தது. 2017ல் லிங்க்ட்இன் அதைத் தடுக்க, வழக்கு ஆரம்பித்தது. பொதுப் பக்கத்தைப் படிப்பது கம்ப்யூட்டர் அத்துமீறல் சட்டத்தின் கீழ் குற்றமாகாது என்ற பக்கமே 2019லும் மறுபடி 2022 ஏப்ரலிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாய்ந்தது. விற்பவர் உங்களிடம் சொன்னது இதுவரைதான். அதே 2022 நவம்பரில், லிங்க்ட்இன் பயனர் ஒப்பந்தத்தை ஹைக்யூ மீறியது என்று கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரில் 5 லட்சம் டாலருக்கான தீர்ப்பை ஏற்று, எடுத்த தகவலையும் அழிப்பதாக ஒப்புக்கொண்டு ஹைக்யூ வழக்கை முடித்துக்கொண்டது. அவர்கள் தொட்டது பொதுப் பக்கங்களை. உங்கள் எக்ஸ்டென்ஷன் வேலை செய்தது உங்கள் லாகினுக்கு உள்ளே, நீங்கள் "சம்மதம்" என்று அழுத்திய ஒப்பந்தத்துக்கு உள்ளே. அந்த ஒப்பந்தத்தில் தகவல் உறிஞ்சும் மென்பொருள், பிரவுசர் பிளக்இன் எல்லாம் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான வழக்கு பிரான்சில் நடந்தது. காஸ்பர் என்ற நிறுவனம் விற்றதும் நீங்கள் போட்டது போன்ற ஒரு குரோம் எக்ஸ்டென்ஷன்தான். லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்தால் அந்த நபரின் தொடர்பு விவரத்தைக் காட்டும். சுமார் 16 கோடிப் பேரின் விவரம் அவர்களிடம் சேர்ந்திருந்தது. பிரான்சின் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், 2024 டிசம்பரில் அந்த நிறுவனத்துக்கு 2,40,000 யூரோ அபராதம் விதித்தது. ஆணையம் கண்ட தவறுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, தங்கள் விவரத்தை நெருங்கிய தொடர்புகளுக்கு மட்டும் காட்டினால் போதும் என்று வைத்திருந்தவர்களுடையதையும் எடுத்திருந்தார்கள். மற்றொன்று, "உங்கள் விவரம் எங்களிடம் இருக்கிறது" என்று சம்பந்தப்பட்டவர்களுக்குப் பல வருடம் சொல்லவே இல்லை.

இந்த இரண்டாவதுதான் உங்களுக்கு நேராக வரும் விஷயம். 2018 மே 25 முதல் அமலில் இருக்கும் ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர்படி, ஒருவரின் விவரத்தை அவரிடமிருந்தே வாங்காமல் வேறு இடத்திலிருந்து எடுத்தால், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள், அதற்கு முன் நீங்கள் எழுதினால் அந்த முதல் கடிதத்திலேயே. விளம்பரம் வேண்டாம் என்று அவர் சொன்னால் எந்தக் கேள்வியும் கேட்காமல் நிறுத்த வேண்டும். அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலக அளவிலான ஆண்டு வருமானத்தில் 4 சதவீதம், எது அதிகமோ அது வரை போகலாம். கோவை பவுண்டரியைத் தேடி யாரும் வந்துவிடப் போவதில்லை என்று எம்.டி. நினைக்கலாம். ஆனால் வரப்போகும் வாடிக்கையாளர் கேட்பார். ஜெர்மன் கம்பெனிகள் சப்ளையர் ஒப்பந்தத்தோடு தகவல் பாதுகாப்புக் கேள்வித்தாள் அனுப்புவது இப்போது சாதாரணம்.

அதனால் நான் என்னிடம் வருகிற எல்லோருக்கும் ஒரே ஒரு சோதனையைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் பட்டியலில் இருக்கும் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் போன் செய்து "என் பெயர் உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்கிறார். கூச்சமில்லாமல், உள்ளதை உள்ளபடி ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடிகிறதா? "உங்கள் கம்பெனி தளத்தில் கொள்முதல் பிரிவுப் பக்கத்தில் பார்த்தேன்", "ஹனோவர் கண்காட்சியில் உங்கள் ஸ்டாலில் கார்டு கொடுத்தீர்கள்" என்றால் சரி. "ஒரு ஆளிடம் 2 லட்சம் பெயர் வாங்கினேன், அதில் இருந்தீர்கள்" என்று சொல்ல வாய் வருமா? வராதென்றால் அந்தப் பெயர் உங்கள் எக்செலில் இருக்கக்கூடாது.

நம் நாட்டுச் சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. ஒருவர் தானாகவே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் எக்ஸ்டென்ஷன் கொடுக்கும் மெயில் முகவரியை அந்த மனிதரா வெளியிட்டார்? பெரும்பாலும் இல்லை. முதல் பெயர், புள்ளி, குடும்பப் பெயர், கம்பெனி டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) என்று ஊகித்துச் செய்ததாக இருக்கும், அல்லது வேறெங்கோ சேர்ந்த பட்டியலிலிருந்து வந்ததாக இருக்கும். போன் நம்பர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். லிங்க்ட்இன் செட்டிங்ஸில் "உங்கள் தகவலின் நகல்" கேட்கும் வசதி இருக்கிறது. அதில் உங்கள் தொடர்புகளின் பட்டியலைக் கேளுங்கள், இறக்கிக்கொள்ள இணைப்பு மெயிலில் வரும். திறந்தால் பெயர், கம்பெனி, பதவி, இணைந்த தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். மெயில் முகவரிக்கும் ஒரு பத்தி இருக்கும், ஆனால் அந்தப் பத்தி ஏறக்குறைய முழுக்கக் காலியாக இருக்கும். அனுமதி கொடுத்தவர்களின் முகவரி மட்டும்தான் வரும் என்று ஃபைலின் தலையிலேயே குறிப்பு எழுதியிருப்பார்கள். உங்களை ஏற்றுக்கொண்டு, உங்களோடு இணைந்திருப்பவர்களே மெயிலைக் கொடுக்க விரும்பவில்லை. முகம் தெரியாத 2 லட்சம் பேர் கொடுத்திருப்பார்களா?

பட்டியல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வால்வு காஸ்டிங் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தேன். அவர்கள் இப்படி ஒரு பட்டியலை வாங்கியது எனக்குத் தெரியும். "கொஞ்சம் பார்த்து அனுப்புங்கள்" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். அழுத்தமாக வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தவறு. ஒரே இரவில் கம்பெனியின் சொந்த டொமைனிலிருந்து 9,000 மெயில் போனது. மூன்றில் ஒரு பங்கு திரும்பி வந்தது. அடுத்த வாரம், எட்டு வருடமாக வாங்கிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "புரோஃபார்மா இன்வாய்ஸ் கேட்டு மூன்று நாள் ஆகிறது, ஏன் பதிலே இல்லை?" என்றார். பதில் அன்றைக்கே போயிருந்தது, அவருடைய ஸ்பேம் பெட்டிக்கு. டிஸ்பேட்ச் பிரிவு அனுப்பிய ஷிப்பிங் டாக்குமென்டுகளும் அங்கேதான் கிடந்தன. மெயில் சேவைகளிடம் அந்த டொமைன் இழந்த நற்பெயரை மீட்க நான்கு மாதம் பிடித்தது. இப்போது இன்னும் கடினம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், மொத்தமாக அனுப்புபவர்களின் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. ஆயிரம் பேரில் மூன்று பேர் "ஸ்பேம்" என்று அழுத்தினாலே எல்லையில் நிற்பீர்கள். கணக்குப் போடும்போது 15,000 ரூபாயோடு இத்தாலி வாடிக்கையாளரையும் சேர்த்துப் போடுங்கள்.

அப்புறம், ஜெர்மனியைப் பற்றி நம் ஊரில் பலருக்கும் தெரியாத ஒன்று. அங்கே விளம்பர மெயில் அனுப்ப, கம்பெனிக்குக் கம்பெனி என்றாலும், பெறுபவரின் வெளிப்படையான முன்சம்மதம் வேண்டும். அமெரிக்காவில் அப்படி இல்லை. முகவரியும் நிறுத்தும் வழியும் கொடுத்து, உண்மையான தலைப்போடு அனுப்பலாம். வேண்டாம் என்றவரை 10 வேலைநாளில் நீக்க வேண்டும். ஜெர்மனியில் முன்சம்மதம் இல்லாமல் வந்த ஒரே ஒரு மெயிலுக்காகக்கூட வக்கீல் கடிதம் அனுப்பலாம். "அப்மானுங்" என்பார்கள். இனி செய்ய மாட்டோம் என்று கையெழுத்து கேட்கும், வக்கீல் கட்டணமும் கேட்கும். கம்பெனி தளத்தின் அடியில் சட்டப்படி போட்டிருக்கும் "இம்ப்ரெஸும்" பக்கத்தில் மெயில் முகவரி இருக்கிறதே என்றால், அது சம்மதம் ஆகாது. லிங்க்ட்இன் உள்பெட்டிக்கு அனுப்பும் செய்தியையும் மெயில் போலவே நினைத்து எழுதுவது நல்லது.

ஆனால் போன் விஷயத்தில் அதே சட்டம் கொஞ்சம் இளகுகிறது. ஒரு கம்பெனிக்கு உங்கள் பொருளில் உண்மையிலேயே அக்கறை இருக்கும் என்று கருத நியாயமான காரணம் இருந்தால் அலுவலக எண்ணுக்குப் பேசலாம். டக்டைல் அயர்ன் ஹவுசிங் (வெளிக்கூடு) வாங்கும் பம்பு கம்பெனிக்கு டக்டைல் அயர்ன் பவுண்டரி போன் செய்வதில் காரணம் இருக்கிறது. நாம் போனுக்குத் தயங்கி மெயிலைக் கொட்டுகிறோம். ஜெர்மனியைப் பொறுத்தவரை அதை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

இனி வேலையை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

மனிதர்களைத் தேடுவதற்கு முன் கம்பெனிகளைத் தேடுங்கள். உங்கள் மோல்டிங் லைனில் என்ன எடை வரை வரும், என்ன கிரேடு, எந்த அளவு லாட் லாபம் என்று உங்களுக்குத் தெரியும். அதை வாங்கக்கூடிய நாற்பது ஜெர்மன் கம்பெனிகளை எழுதுங்கள். ஜெர்மன் இயந்திரத் தொழில் சங்கமான விடிஎம்ஏவின் உறுப்பினர் விவரம் இணையத்தில் இருக்கிறது. ஹனோவர் மெஸ்ஸே கண்காட்சியின் பங்கேற்பாளர் பட்டியலும் பொதுவில் இருக்கிறது. சென்னையில் இந்தோ-ஜெர்மன் வர்த்தக சபையின் அலுவலகம் இருக்கிறது, இன்ஜினியரிங் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பான இஇபிசியின் அலுவலகமும் இருக்கிறது, ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் கண்காட்சிக்கு வரும் வெளிநாட்டுக் குழுக்களையும் விடாதீர்கள். கையால் வாங்கிய ஒரு விசிட்டிங் கார்டுக்கு "எங்கே கிடைத்தது?" என்ற கேள்வியே வராது.

கம்பெனி முடிவானபின் லிங்க்ட்இன்னுக்குப் போங்கள். அந்தக் கம்பெனியின் பக்கத்தில் ஊழியர்கள் பகுதியைத் திறந்து தேடுங்கள். இங்கே பலர் "பர்ச்சேஸ் மேனேஜர்" என்று ஆங்கிலத்தில் தேடிவிட்டு ஆளே இல்லை என்கிறார்கள். ஜெர்மனியின் நடுத்தரக் கம்பெனியில் அவர் தன் பதவியை ஜெர்மனில்தான் எழுதியிருப்பார். கொள்முதலுக்கு அவர்கள் சொல் "ஐன்கௌஃப்" (Einkauf), கொள்முதல் தலைவர் "ஐன்கௌஃப்ஸ்லைட்டர்" (Einkaufsleiter), பெண் என்றால் முடிவில் "-இன்" (-in) சேரும், வாங்குபவர் "ஐன்கொய்ஃபர்" (Einkäufer), காஸ்டிங்குக்கு "குஸ்" (Guss). இந்தச் சொற்களை ஜெர்மன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேடினால் வேறு உலகமே திறக்கும். கொள்முதல்காரரோடு நிற்காமல் சப்ளையர் தரத்தைப் பார்ப்பவரையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய பவுண்டரியை உள்ளே விடலாமா என்று சொல்லும் இடத்தில் அவர் இருப்பார்.

குறிப்பதைக் கையாலேயே குறியுங்கள். ஒரு நாளுக்கு இரண்டு கம்பெனி, கம்பெனிக்கு இரண்டு மூன்று பேர். பெயர், பதவி, எந்தப் பக்கத்தில் என்று பார்த்தது, ஏன் இவர். இவ்வளவு போதும். மெயிலும் மொபைலும் அவர்களாகக் கொடுக்கும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். லிங்க்ட்இன் கணக்கை முடக்குவது பெரும்பாலும் வேகத்தையும் ஒழுங்கையும் பார்த்துத்தான். இரண்டு மணி நேரத்தில் 300 பக்கத்தை ஒரே இடைவெளியில் எந்த மனிதனும் திறக்க மாட்டான். ஒரு நாளில் ஆறு பேரைப் படித்துப் பார்க்கிறவரை அது தொந்தரவு செய்வதில்லை. இலவசக் கணக்கில் மாதத் தேடலுக்கு ஒரு வரம்பு உண்டு. அது தீர்ந்தால் அடுத்த மாதம் 1ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டும்.

பணம் செலவு செய்யலாம் என்று எம்.டி. சொன்னால் லிங்க்ட்இன்னின் கட்டணச் சேவையான சேல்ஸ் நேவிகேட்டரை வாங்கச் சொல்லுங்கள். சமீபத்தில் வேலை மாறியவர், கடந்த மாதம் ஏதாவது பதிவு போட்டவர் என்றெல்லாம் பிரித்துப் பார்க்கலாம். புதிதாக வந்த கொள்முதல் தலைவர் பழைய சப்ளையர் பட்டியலை மறுபடி பார்க்கும் வாய்ப்பு அதிகம், அவருக்கு எழுதுவதில் பலன் உண்டு. தொடர்பில் இல்லாதவருக்கும் மாதம் 50 இன்மெயில் அனுப்பலாம், 90 நாளுக்குள் பதில் வந்தால் அந்த எண்ணிக்கை திரும்பக் கிடைக்கும். ஆனால் அதிலும் பட்டியலை எக்செலாக இறக்கும் பொத்தான் கிடையாது. அதைக் கண்டுபிடித்து ஏமாந்துபோய், அதோடு மறுபடி ஒரு எக்ஸ்டென்ஷனை ஒட்டுகிறவர்கள் நிறையப் பேர். காசு கொடுத்தவர் என்பதற்காக லிங்க்ட்இன் கண்ணை மூடிக்கொள்ளாது.

இணைப்பு அழைப்பை ஒரு நாளில் ஐந்துக்கு மேல் அனுப்பாதீர்கள். வாரத்துக்கு நூறை நெருங்கும்போது தடை விழுவதைப் பலரும் பார்த்திருக்கிறோம். ஏற்கப்படாமல் கிடக்கும் பழைய அழைப்புகள் குவிவதும் நல்லதில்லை, ஒரு மாதம் ஆனவற்றைத் திரும்பப் பெறுங்கள். அழைப்போடு ஒரு குறிப்பு எழுதுங்கள். இலவசக் கணக்கில் குறிப்புடன் அனுப்பும் அழைப்பு மாதத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் முக்கியமானவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பில் என்ன எழுதுவது? என்னிடம் வரும் மாதிரிகள் பெரும்பாலும் "நாங்கள் இந்தியாவின் முன்னணி காஸ்டிங் உற்பத்தியாளர்கள், தரம், விலை, நேரம்..." என்று ஆரம்பிக்கும். படிக்கிற ஜெர்மன்காரருக்கு அன்றைக்கே அதைப்போல நான்கு வந்திருக்கும். இப்படி எழுதிப் பாருங்கள், ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ, "ஹெர்" அல்லது "ஃப்ராவ்" போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்லி:

"உங்கள் கழிவுநீர்ப் பம்புகளின் விவரத்தைக் கம்பெனி தளத்தில் பார்த்தேன். 20 முதல் 80 கிலோ வரை ஜிஜேஎஸ்-400-15 கிரேடு டக்டைல் அயர்ன் ஹவுசிங்குகளை மெஷினிங் முடித்து இத்தாலிக்கு அனுப்பிவருகிறோம். உங்களிடம் புதிய சப்ளையர் பதிவை யார் பார்க்கிறார் என்று சொல்ல முடியுமா?"

இதில் விற்பனை எதுவும் இல்லை. என்ன பார்த்தீர்கள், நீங்கள் யார், கேட்பது என்ன என்று மூன்றும் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு அவர் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். நான் பார்த்தவரை, "நேரம் ஒதுக்க முடியுமா?" என்று கேட்கும் குறிப்பைவிட வழி கேட்கும் குறிப்புக்குத்தான் பதில் வருகிறது.

அதே வாரத்தில் அந்தக் கம்பெனியின் தளத்தில் சப்ளையர் பதிவுப் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கம்பெனிகள் பலவற்றில் இருக்கும். அவர்களே திறந்து வைத்திருக்கும் வாசல் அது. இல்லையென்றால் அலுவலக எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அங்கே காலை எட்டு எட்டரை என்றால் நமக்குக் கோடையில் பதினொன்றரை பன்னிரண்டு, குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கழித்து. வெள்ளி மதியத்துக்கு மேல் கூப்பிடாதீர்கள். கொள்முதல் பிரிவைக் கேட்டு, பேசுபவரிடம் "எங்கள் திறன் விவரம் இரண்டு பக்கம், உங்களுக்கு மெயில் செய்யலாமா? எந்த முகவரிக்கு?" என்று கேளுங்கள். அவர் முகவரி சொன்ன நிமிடம் அது உங்கள் லீட். தேதி, நேரம், பேசியவர் பெயர், அவர் சொன்னது எல்லாவற்றையும் உடனே குறியுங்கள். மெயிலின் முதல் வரியிலும் "இன்று காலை போனில் நீங்கள் சொன்னபடி" என்று எழுதுங்கள். பின்னால் யாராவது கேட்டால் உங்களிடம் அத்தாட்சி இருக்கும்.

"வேண்டாம்" என்பவர்களுக்கு ஒரு தனித் தாள் வையுங்கள். அவர்களுடைய மற்ற விவரத்தை அழித்துவிட்டு, பெயரும் கம்பெனியும் மட்டும் அதில் இருக்கட்டும். முழுதாக அழித்துவிட்டால் ஆறு மாதம் கழித்து வேலைக்கு வரும் புதிய பையன் அவரையே மறுபடி கண்டுபிடித்து எழுதுவான். அதேபோல, லீட் எக்செலை வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். வேலையை விட்டுப் போனவரின் போனில் உங்கள் மொத்தச் சந்தையும் கிடக்கும். கம்பெனி டிரைவில், இரண்டு பேருக்கு மட்டும் அனுமதியோடு வையுங்கள்.

உங்களைத் தேடி வரும் "வாங்குபவர்"களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். யாரோ ஒரு கொள்முதல் தலைவர், பெரிய ஆர்டர், டிராயிங் என்று பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல். அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். அவர் பக்கத்தில் கூடுதல் விவரங்களைத் திறந்து "இந்த புரொஃபைல் பற்றி" என்ற பகுதியைப் பாருங்கள். எந்த மாதம் சேர்ந்தார், அடையாளம் சரிபார்க்கப்பட்டதா என்று காட்டும். பிறகு அந்தக் கம்பெனியின் அலுவலக எண்ணை அவர்கள் தளத்திலிருந்து எடுத்து, அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

எம்.டி.யிடம் என்ன சொல்வது? 500 என்று அவர் சொன்னதை மறுத்துப் பேசப் போகாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். மாதம் 20 வேலைநாள், ஒரு நாளுக்கு இரண்டு கம்பெனி, மொத்தம் நாற்பது. ஒரு கம்பெனிக்குத் தேடல், குறிப்பு, போன் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்தாலும் மீதி நாள் உங்கள் மற்ற வேலைக்கு இருக்கிறது. நாற்பதில் எத்தனை பேர் போனில் முகவரி கொடுத்தார்கள், எத்தனை பேர் டிராயிங் அனுப்பினார்கள் என்று இரண்டு எண்ணை மட்டும் மாதக் கடைசியில் அவர் மேஜையில் வையுங்கள். புதிய காஸ்டிங் என்றால் பேட்டர்ன், சாம்பிள், அப்ரூவல் என்று மாதக்கணக்கில் போகும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். வருடத்துக்கு இரண்டு நல்ல ஜெர்மன் வாடிக்கையாளர் வந்தால் உங்கள் மோல்டிங் லைனில் அவர்களுக்கு மேல் இடம் இருக்குமா என்று அவரிடமே கேளுங்கள்.

கடைசியாக அந்த 1,140 பெயர். ஒரேயடியாக அழிக்க மனம் வராது என்று தெரியும், நான்கு நாள் உழைப்பு. இப்படிச் செய்யுங்கள். முதலில் மெயில், போன் நம்பர் இருக்கும் இரண்டு பத்திகளையும் நீக்குங்கள். மனிதர்களின் பெயர்ப் பத்தியையும் நீக்குங்கள். மிச்சம் இருப்பது கம்பெனிப் பெயர்கள். ஒரே கம்பெனி திரும்பத் திரும்ப வருவதை எடுத்துவிட்டால் முன்னூறு நானூறு நிற்கலாம். அதில் உங்கள் எடைக்கும் கிரேடுக்கும் பொருந்தும் கம்பெனிகளை, அவர்கள் தளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் முதல் மாதத்து நாற்பது அதிலேயே இருக்கும். பிறகு பழைய ஃபைலை அழித்துவிடுங்கள். டவுன்லோட்ஸ் போல்டரில் ஒரு பிரதி, எம்.டி.க்கு அனுப்பிய மெயிலில் ஒரு பிரதி, எக்ஸ்டென்ஷன் கம்பெனியின் சர்வரில் ஒரு பிரதி இருக்கும். முதல் இரண்டை நீங்களே அழிக்கலாம். மூன்றாவதற்கு, அவர்களுடைய தளத்தில் உங்கள் கணக்கையும் அதிலுள்ள தகவலையும் நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள்.